எலும்பு வளர்கிறது என்பதை மறந்து நாம் செய்யும் தவறுகள்

எலும்பு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன: அது வளர்ந்து முடிந்துபோன, காய்ந்த பொருள் என்று. உண்மையில் எலும்புக்குள் ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது, செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கத்தை மண்வெட்டியால் செதுக்கி, புதுச் சேறு அள்ளி அண்டை போடுகிறோம் அல்லவா, எலும்பிலும் அந்த வேலைதான் நடக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும். ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்த இடத்தில் கொலாஜன் என்ற புரத நாரைப் பரப்பி, அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படியச் செய்யும். வளர்ந்த ஒருவரின் எலும்புகளில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது.

இது தொடங்குவது கருவிலேயே. கை, கால் எலும்புகளுக்கு முதலில் குருத்தெலும்பில் ஒரு அச்சு உருவாகும். இரண்டாம் மாத வாக்கில் அதன் நடுத்தண்டிலிருந்து எலும்பாக மாறத் தொடங்கும். பிறக்கும்போது குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் அம்மாவிடமிருந்து போவது. சாப்பாட்டில் போதவில்லையென்றால் அம்மாவின் எலும்பிலிருந்து போகும். "மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துவிடும்" என்று பயந்து சுகாதார நிலையத்தில் கொடுத்த கால்சியத்தை அலமாரியிலேயே வைத்திருப்பது பெரிய தவறு. இன்னொரு தவறு, இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்குவது. கால்சியம் இரும்பைச் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மண்டையோட்டின் தட்டை எலும்புகள் வேறு விதம். அவை குருத்தெலும்பு இல்லாமல் சவ்விலேயே நேராக உருவாகின்றன. பிறந்தபோது அவை ஒட்டியிருக்காது. மூளை வளர இடம் வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. எண்ணெய் தேய்த்து, காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, "இப்ப அமுக்கி விட்டாத்தான் மண்டை உருண்டையா வரும்" என்று பாட்டிமார்கள் தலையைப் பிடித்து விடுவார்கள். மூக்கையும் நீவி எடுப்பார்கள். அன்போடுதான் செய்கிறார்கள், ஆனால் வேண்டாம். மென்மையாக எண்ணெய் தடவுவதில் தப்பில்லை. உச்சிக்குழியை அழுத்துவதும், கை கால்களைக் குறுக்கே இழுத்து முறுக்குவதும் கூடாது. தலை ஒரு பக்கம் தட்டையாகத் தெரிந்தால் படுக்கும் பக்கத்தை மாற்றி வைத்து, விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்துகொண்டு சற்று நேரம் குப்புறப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அடுத்தது. கொய்யா மரத்திலிருந்தோ படித்துறையிலோ பிள்ளை கையை ஊன்றி விழுகிறது, முழங்கை வீங்குகிறது. வீட்டில் "சுளுக்குதான்" என்று சொல்லி, நல்லெண்ணெய் போட்டு வழித்து விடுகிறார்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு அடுக்கு உண்டு. உயரம் கூடுவது அங்கேதான். சுற்றியுள்ள தசைநார்களைவிட அந்தத் தட்டு பலம் குறைந்தது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடிகிற அடி, பிள்ளைகளுக்கு அந்தத் தட்டையே பிளந்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் கை கோணலாகவோ கால் குட்டையாகவோ வளரலாம். வீங்கிய மூட்டை முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வழித்துவிடுவது எந்த நிலையிலும் கூடாது. முழங்கைக் காயத்தை அழுத்தித் தேய்த்தால் தசைக்குள்ளேயே எலும்பு உருவாகி, கையை மடக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவிக் கட்டும் நாட்டுக் கட்டை நம்பிப் போகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அசையாமல் பிடித்து வைப்பது சரியான யோசனைதான். ஆனால் உள்ளே எலும்பு எப்படி நிற்கிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொள்ள முடியாது. இறுக்கிக் கட்டினால் உள்ளே வீக்கம் கூடி, ரத்த ஓட்டமே நின்றுவிடும். விரல்கள் சில்லிட்டோ நீலம் பாரித்தோ போனால், மரத்துப்போனால், விரலை நீட்டினாலே பிள்ளை துடித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாட்டுக் கட்டோ மாவுக்கட்டோ, அப்போதே தளர்த்தி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும், அதன்பிறகு மீட்க முடியாது.

வலி போய்விட்டது என்று கட்டைத் தாங்களே பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். முறிந்த எலும்பு கூடுவது ஏறக்குறைய கருவில் உருவான அதே வழியில்தான்: முதலில் ரத்தம் உறையும், பிறகு குருத்தெலும்பு கலந்த மென்மையான திசு இடைவெளியை நிரப்பும், அதற்குப் பிறகே எலும்பு. வலி குறையும் நேரத்தில் உள்ளே பெரும்பாலும் மென்மையான நிலைதான் இருக்கும். கட்டைப் பிரிக்கும் நாளை எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

பெண்களுக்குச் சுமார் 14 முதல் 16 வயதிலும், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதிலும் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்ளும். மூடிய பிறகு எந்தப் பவுடரும், பாரில் தொங்குவதும் உயரத்தைக் கூட்டாது. அந்தக் காசுக்கு முட்டையும் பாலும் வாங்கலாம். உயரம் நின்றாலும் எலும்பின் அடர்த்தி 30 வயதுக்குப் பக்கம்வரை கூடிக்கொண்டே இருக்கும். அதற்கு ஓட்டம், குதித்தல், கபடி எல்லாம் வேண்டும். பாரம் ஏறினால்தான் எலும்பு உறுதியாகும். விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்கள் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் இடுப்பு எலும்பை இழக்கிறார்கள். வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளையை விளையாட்டிலிருந்து நிறுத்துவது, எலும்பு வேகமாகச் சேரும் காலத்தையே வீணாக்குவது.

வெயிலைப் பற்றியும் தப்பாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சூட்டுக்கு அது தேவைதான், ஆனால் தோலில் வெயில் படுவது குறைவு. கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும், அது வெயில் பட்டுத் தோலில் உருவாவது. காலை 6 மணி இளவெயிலில் அது கிடைப்பது சொற்பம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே பயன்படும். சித்திரையில் அது 9 மணி வாக்கிலேயே வந்துவிடும், மார்கழியில் 10 மணி தாண்ட வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலனில்லை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். டிகிரி காபியில் சேரும் 100 மில்லி பாலில் கிடைப்பது ஏறக்குறைய 120தான். 100 கிராம் கேழ்வரகில் 340க்கு மேல் இருக்கிறது. தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலிக் கருவாடு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பவை. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும், அதே கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதை உடலில் சேரவிடாது.

மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகள் எலும்பு வேகமாகத் தேயும். அம்மா கூன் போடுவதை "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். முதுகெலும்பு நசுங்கியதால் வந்த கூனாக இருக்கலாம். உயரம் 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, லேசாக வழுக்கி மணிக்கட்டு முறிந்தாலோ, எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்குப் பெயர் இல்லாத பொட்டலப் பவுடர் வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தையும் விசாரியுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு, புது எலும்பு உருவாவதையே தடுக்கும். பல மாதம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், அவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.