ஆர்.ஓ. மெம்பிரேன் சீக்கிரம் வீணாவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்.ஓ. பிளான்ட்டில் இப்போது வரும் பாலியமைடு (ஒரு பிளாஸ்டிக் வகை) மெம்பிரேன்கள் முன்பைவிடக் குறைந்த அழுத்தத்தில் அதிகத் தண்ணீர் தருகின்றன. உப்பைத் தடுக்கும் மேல்படலம் 0.2 மைக்ரான் கனம்தான். சரியாக ஓட்டினால் ஐந்து வருடம் வரக்கூடியதை ஒரே வருடத்தில் கழற்றிப் போடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மெம்பிரேனில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் தண்ணீரிலும் அதை ஓட்டும் விதத்திலும்தான்.

குளோரினில் காட்டும் அலட்சியம்தான் பெரிய தவறு. பழைய செல்லுலோஸ் அசிடேட் மெம்பிரேன் 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மி.கி.) வரை குளோரினைத் தாங்கியது. பாலியமைடுக்கு 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும். 0.5 பி.பி.எம். கசிந்துகொண்டே இருந்தால் பதினேழு நாளில் 200 பி.பி.எம்.-மணி (பி.பி.எம். அளவு × ஓடிய மணி நேரம்) சேர்ந்துவிடும். பழுது தொடங்க அது போதும். தண்ணீரில் இரும்பு இருந்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். அரித்த படலத்தை எந்தக் கெமிக்கலாலும் மீட்க முடியாது. ‘கார்பன் ஃபில்டர் இருக்கிறதே’ என்று இருந்துவிடக் கூடாது. கார்பன் தீர்ந்தால் வெளியே எதுவும் தெரியாது. அதற்கு அடுத்த குழாயில் தினமும் டெஸ்ட் கிட் போட்டுப் பாருங்கள்.

குளோரினை நீக்க எஸ்.எம்.பி.எஸ். (சோடியம் மெட்டாபைசல்பைட்) டோசிங் செய்தால், 1 மி.கி. குளோரினுக்கு நடைமுறையில் 3 மி.கி. வேண்டும். மணிக்கு 10,000 லிட்டர் ஓடும் பிளான்ட்டில் 0.5 பி.பி.எம். குளோரின் இருந்தால் மணிக்கு 15 கிராம். மாதம் முழுவதற்கும் நீர்த்துப்போன கரைசலாகக் கலந்து வைக்காதீர்கள். காற்றுப் பட்டு வீரியம் போய்விடும். 2 சதவீதக் கரைசல் மூன்று நாள்தான், 10 சதவீதம் ஒரு வாரம்.

அடுத்தது, தண்ணீரை மிச்சம் பிடிக்க ரிஜெக்ட் வால்வை (உப்புக் கழிவுநீர் வெளியேறும் வால்வு) இறுக்குவது. எண்ணம் நல்லதுதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். வரும் தண்ணீரில் 75 சதவீதத்தை நல்ல தண்ணீராக எடுத்தால் மீதித் தண்ணீரில் உப்பு 4 மடங்கு, 90 சதவீதம் எடுத்தால் 10 மடங்கு. போர் தண்ணீரில் சிலிகா 40 பி.பி.எம். இருந்தால் 75 சதவீதத்திலேயே 160 ஆகிவிடும். 25 டிகிரியில் சுமார் 120-தான் கரையும். சிலிகா படிந்து இறுகினால் எடுப்பது மகா கஷ்டம், சுண்ணாம்புப் படிவாவது ஆசிடில் கரையும். அதனால் முழுத் தண்ணீர் ரிப்போர்ட் இல்லாமல் ஆன்டிஸ்கேலன்ட் (படிவைத் தடுக்கும் மருந்து) அளவை முடிவு செய்யாதீர்கள். டி.டி.எஸ். மீட்டர் சிலிகாவைக் காட்டாது. படிவு சந்தேகம் வந்தால் கடைசி எலிமென்ட்டைக் (மெம்பிரேன் சுருள்) கழற்றி நீரை வடித்து எடை போடுங்கள். புதியதைவிடக் கனத்தால் காரணம் தெரிந்துவிடும்.

பழைய எலிமென்ட்டுக்குப் பதில் குறைந்த அழுத்த மாடலைப் போட்டுவிட்டு அதே பம்ப் அழுத்தத்தில் ஓட்டுவது இப்போது அதிகமாக நடக்கும் தவறு. முன்வரிசை எலிமென்ட்டுகள் அளவுக்கு மீறித் தண்ணீரை இழுத்து அழுக்கைச் சேர்க்கும், முதல் ஸ்டேஜின் ரிஜெக்ட் நீர் போகும் இரண்டாம் ஸ்டேஜுக்கு ஓட்டம் போதாது. அழுத்தத்தைக் குறையுங்கள். இரண்டு ஸ்டேஜ் இருந்தால் நடுவில் பூஸ்டர் பம்ப் வையுங்கள், அல்லது முதல் ஸ்டேஜின் பெர்மியேட் (வடிகட்டிய தண்ணீர்) குழாயில் கொஞ்சம் த்ராட்டில் செய்யுங்கள் (வால்வைச் சற்று மூடுங்கள்). த்ராட்டில் செய்தால் ஒரு எச்சரிக்கை: பம்ப் நிற்கும்போது பெர்மியேட் பக்க அழுத்தம் ஃபீட் (தண்ணீர் உள்ளே வரும்) பக்கத்தைவிட 0.3 பாருக்கு மேல் ஏறினால் மெம்பிரேன் தாள்களை ஒட்டியிருக்கும் பசைக்கோடு பிரிந்துவிடும்.

கழுவுவதில் தாமதம் கூடாது. வெப்பநிலைக்குச் சரிசெய்த பெர்மியேட் அளவு 10 சதவீதம் குறைந்தாலோ, வெசலின் (எலிமென்ட்டுகள் இருக்கும் குழாய்) அழுத்த வித்தியாசம் 15 சதவீதம் கூடினாலோ கழுவ வேண்டும். வெப்பநிலைத் திருத்தம் அவசியம், ஏனென்றால் ஒரு டிகிரிக்கு சுமார் 3 சதவீதம் ஓட்டம் மாறும். மார்கழியில் குறைந்ததை அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். கரிமப் படிவோ பாக்டீரியாப் படலமோ இருந்தால் முதலில் காரம், பிறகு ஆசிட். முதலிலேயே ஆசிட் விட்டால் கரிமப் படிவு இறுகிவிடும். வெறும் சுண்ணாம்புப் படிவாக இருந்தால் மட்டும் ஆசிடில் தொடங்கலாம்.

ஓ-ரிங்குக்கு வாசலினோ கிரீஸோ வேண்டாம், கிளிசரின்தான். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும். பிளான்ட்டை 48 மணி நேரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெர்மியேட் தண்ணீரால் ஃபிளஷ் செய்து 1 சதவீத எஸ்.எம்.பி.எஸ். நிரப்பி மூடி வையுங்கள். பி.எச். 3-க்குக் கீழே இறங்கினால் கரைசலை மாற்றுங்கள்.