பழைய காடிலாக்கில் நொறுங்கிய பம்பர் ஃபில்லர்களை மாற்றுவது

1980களின் காடிலாக் ப்ரோஹாம் என்ற அமெரிக்கக் கார் ஒன்றைப் பார்க்கப் போனால் பெயிண்ட் நன்றாக இருக்கும், குரோம் பளபளக்கும். பின் மட்கார்டு முடிந்து பம்பர் தொடங்கும் இடத்தில் மட்டும் கை நுழையும் அளவுக்கு ஓட்டை தெரியும். அங்கே வண்டியின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த, வளையக்கூடிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருந்தது. அதுதான் ஃபில்லர். அது போன பிறகு எவ்வளவு நல்ல வண்டியும் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். பியூக், ஓல்ட்ஸ்மொபைல், லிங்கன் வண்டிகளிலும் இதே நிலைதான். இங்கே காடிலாக்கை வைத்துச் சொல்கிறோம். வேலை முறை மற்றவற்றுக்கும் பொருந்தும்.

அந்த இடைவெளி ஏன் வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை புரிந்துவிடும். 1973 மாடல்களிலிருந்து, முன் பம்பர் மணிக்கு 5 மைல் வேகத்தில் சுவரில் மோதினாலும் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்றவை கெடக்கூடாது என்று அமெரிக்க அரசு விதித்தது. 1974இல் பின் பம்பருக்கும் அதே அளவு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இதற்காகப் பம்பரை எண்ணெயும் அழுத்த வாயுவும் நிரம்பிய குழாய்களின் மேல் உட்கார வைத்தது. இடி வாங்கினால் பம்பர் சில அங்குலம் உள்ளே போய்த் திரும்ப வெளியே வரும். அது போய் வர இடம் வேண்டும், அந்த இடம் கண்ணுக்குத் தெரியவும் கூடாது. ஆகவே நசுங்கிக் கொடுக்கும் ஃபில்லர் அங்கே வந்தது.

வெயிலின் புற ஊதாக் கதிரும் சூடும் ஈரமும் அந்தப் பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே சிதைக்கின்றன. மேலே பெயிண்ட் தோல் போல ஒட்டிக்கொண்டிருக்கும், அடியில் பொருள் செத்திருக்கும். கட்டை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ரப்பர் போல அமுங்கித் திரும்பினால் இன்னும் உயிர் இருக்கிறது. அப்பளம் போல 'சடக்' என்று உடைந்து, உடைந்த வாயில் விரலைத் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால் ஒட்டுப் போடுவது வீண். பசை பிடிக்கும், ஆனால் பசைக்கு அடுத்த விரற்கடையில் மறுபடி உடையும்.

வாங்கும்போது

மாற்று ஃபில்லர்கள் மூன்று வகையில் வருகின்றன. ஃபைபர் கிளாஸ் விலை குறைவு, வெயில் தாங்கும், ஆனால் வளையாது. பொருத்துவதற்கு அரத்தால் நிறைய ராவ வேண்டியிருக்கும், சின்ன இடிக்கே வெடிக்கும். ஏபிஎஸ் என்பது ஒரு வகை பிளாஸ்டிக் (பிரேக் ஏபிஎஸ் அல்ல), மெலிந்த தகடாக அச்சில் இழுத்துச் செய்யப்படுவது. ஓரளவு வளையும், விளிம்பு ஒழுங்காக இருக்கும், பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். மூன்றாவது யூரித்தேன் என்ற ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக், பழையதைப் போலவே நடந்துகொள்ளும். தினமும் ஓட்டி, மற்ற வண்டிகளுக்கு நடுவே நிறுத்தும் காராக இருந்தால் யூரித்தேனுக்கே காசு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு ஏபிஎஸ் போதும். ஃபைபர் கிளாஸ் வாங்கினால் ராவும் வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மாடல் ஆண்டைச் சரியாகச் சொல்லி வாங்குவது முக்கியம். 1977-79, 1980-89, 1990-92 ஆகிய மூன்று கால வண்டிகளும் தூரத்தில் ஒன்று போலத் தெரியும், ஃபில்லர் மாறும். முன்பக்கத்துக்கு எத்தனை துண்டு, பின்பக்கத்துக்கு எத்தனை என்று உங்கள் வண்டியில் எண்ணிக் குறித்துக்கொண்டு, விற்பவர் தரும் செட்டில் அத்தனையும் இருக்கிறதா என்று கேளுங்கள். நம்பர் பிளேட்டை ஒட்டிய நடுத் துண்டுகள் பல செட்டுகளில் சேராது. ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தாலும் இரண்டு பக்கமும் வாங்குவதே நல்லது. மற்றதும் அதே வயதுதான்.

பழையதைக் கழற்றுதல்

முதலில் பம்பர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது இரண்டு ஓரத்திலும் வண்டியின் உடம்புக்கும் பம்பருக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு பக்கக் குழாய் உள்ளேயே சிக்கியிருக்கலாம், அல்லது பம்பரைத் தாங்கும் பிராக்கெட் நகர்ந்திருக்கலாம். பிராக்கெட் துளைகள் நீள்வட்டமாக இருப்பதால் போல்ட்டைத் தளர்த்திப் பம்பரைச் சற்று நகர்த்த முடியும். கோணலான பம்பருக்கு ஏற்ப ஃபில்லரை வெட்டினால் பிறகு பம்பரைச் சரி செய்யும் நாளில் ஃபில்லரும் வீணாகும்.

அந்தக் குழாய்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்ளே வாயு அழுத்தத்தில் இருக்கிறது. சூடு காட்டுவது, வெல்டிங் வைப்பது, துளை போடுவது எதுவும் கூடாது. உள்ளே போய்ச் சிக்கிய குழாய் திடீரென்று விடுபட்டால் பம்பரையே முன்னால் எறியும். அப்படிப்பட்ட வண்டியில் பம்பருக்கு நேர் எதிரே உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள், அனுபவமுள்ள கடைக்குக் கொண்டு போங்கள்.

பெரும்பாலும் பம்பரைக் கழற்றாமலே ஃபில்லரை எடுத்துவிடலாம். கை நுழையவில்லை என்றால்தான் கழற்ற வேண்டும். அப்போது இரண்டு பேர் வேண்டும், அடியில் கட்டை வைத்த ஜாக்கி வேண்டும். எஃகுப் பம்பர் ஒருவர் தாங்கும் எடை இல்லை.

பின்பக்கத்தில் சில நட்டுகள் டிக்கிக்குள் கார்ப்பெட்டை விலக்கினால் தெரியும். சில, விளக்குக் கூட்டைக் கழற்றிய பிறகே தெரியும். முதல் நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கையில் 10 மி.மீ. சாக்கெட்டும் 7/16 அங்குல சாக்கெட்டும் இருக்கட்டும். அந்தக் கால ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இரண்டு அளவும் கலந்து வரும், முன்பே யாராவது கழற்றி வேறு நட்டுப் போட்டிருக்கவும் கூடும். நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றினால் முன்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக்கை உடைத்து எடுத்துவிட்டு, போல்ட்டின் தலையைப் பூட்டுப் பிளையரால் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். எப்படியும் தூக்கி எறியப் போகும் பிளாஸ்டிக்தான்.

ஆனால் அதற்குள்ளே இருக்கும் இரும்புப் பட்டையை எறிந்துவிடாதீர்கள். ஃபில்லரின் விளிம்பை உடம்போடு அழுத்திப் பிடிப்பது அந்தப் பட்டைதான். புது ஃபில்லரோடு பெரும்பாலும் அது வராது, தனியாகத் தேடினாலும் எளிதில் கிடைக்காது. கம்பி பிரஷால் தேய்த்து, துரு மாற்றும் திரவம் தடவி, எபாக்ஸி பிரைமர் அடித்து வையுங்கள். உடைந்த துண்டுகளையும் வேலை முடியும் வரை ஒரு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். துளை எங்கே, விளிம்பு எந்தக் கோணத்தில் என்பதற்கு அதைவிட நல்ல அச்சு கிடைக்காது. இன்னொன்று: ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி இருக்கும்.

ஃபில்லர் இருந்த இடத்தில் சருகும் மண்ணும் ஈரத்தோடு அடைந்து கிடக்கும். கழுவிக் காயவிட்டு, மட்கார்டின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் முதலில் டிங்கர் வேலை. துரு மேலோட்டமாக இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் தொட்டுவிடுங்கள். இந்த இடம் இனி பல வருடம் கண்ணில் படாது.

பெயிண்டுக்கு முன்பே பொருத்திப் பாருங்கள்

இந்த வேலையில் கெட்டுப்போகிறவற்றில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. புது ஃபில்லர் வந்ததும் நேராகப் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்த பிறகு மாட்டப் பார்க்கிறார்கள். பொருந்தாது. ராவினால் புதுப் பெயிண்ட் போகும். மாற்று ஃபில்லர் எதுவும் பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே உட்காராது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

வெறும் துண்டை மாஸ்கிங் டேப்பால் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். யூரித்தேன் துண்டு பார்சலில் மடங்கி வந்திருந்தால் வெந்நீரில் ஊறவைத்து, சமதளத்தில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து ஆறவிடுங்கள். ஏபிஎஸ் சற்றே விலகி நின்றால் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே சூடாக்கி, கையுறை போட்ட கையால் வளைத்து, ஆறும் வரை பிடித்திருங்கள். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே ஏபிஎஸ் தொய்ந்துவிடும், அவசரம் கூடாது. ஃபைபர் கிளாஸை வளைக்க முடியாது, ராவத்தான் வேண்டும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. வெட்டிய விளிம்பில் ரெசின் தடவி மூடுங்கள், இல்லாவிட்டால் அந்த வாய் வழியே ஈரம் ஏறும்.

வெட்டும்போது உள்மூலை கூர்மையாக நிற்கக்கூடாது. வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். மூலையில் முதலில் 6 மி.மீ. துளை போட்டு, அந்தத் துளை வரைக்கும் வெட்டினால் மூலை தானாக உருண்டையாகிவிடும். ஏபிஎஸ்ஸை வேகமாகச் சுற்றும் தகட்டால் அறுத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும், நுண்பல் ரம்பமும் அரமும் போதும்.

துளைகளுக்கு வருவோம். 60 செ.மீ. நீள ஏபிஎஸ் துண்டு, 40 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் சுமார் 2 மி.மீ. நீளும். அதே நீள எஃகு 0.3 மி.மீ.தான் நீளும். மீதி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் எங்கே போகும்? துளை இறுக்கமாக இருந்தால் கோடையில் ஃபில்லர் அலை போல உப்பும், குளிரில் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிக்கும். ஆகவே 6 மி.மீ. போல்ட்டுக்கு நடுத் துளை மட்டும் சரியளவாக, மற்றவை 8 மி.மீ. அகலத்தில் நீளவாக்கில் நீள்வட்டமாக இருக்கட்டும். இரும்புப் பட்டை இல்லாத இடங்களில் 20 மி.மீ.க்குக் குறையாத அகல வாஷரும், ஏறிய இடத்தில் நிற்கும் நைலான் நட்டும் போடுங்கள். நட்டு வாஷரைத் தொட்டதும் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

பம்பர் விளிம்புக்கும் ஃபில்லருக்கும் நடுவே 4 முதல் 5 மி.மீ. விடுங்கள். இடைவெளியே தெரியக்கூடாது என்று ஒட்ட வைத்தால், ஓட்டத்தில் அதிரும் பம்பர் பெயிண்டை ஒரே மாதத்தில் தின்றுவிடும். வளையாத ஃபில்லரை உடம்பில் பூட்டிவிட்டு மறு விளிம்பைப் பம்பரிலும் பூட்டாதீர்கள். பம்பர் நகரும், உடம்பு நகராது, நடுவில் இருப்பது கிழியும்.

பெயிண்ட்

அச்சிலிருந்து வந்த மெழுகுப் பூச்சு துண்டின் மேல் இருக்கும். பெயிண்ட் உரிந்து வருவதற்கு முதல் காரணம் அதுதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை தேய்த்துக் கழுவி, பிளாஸ்டிக்குக்கான கிளீனரால் துடையுங்கள். ஏபிஎஸ் மேல் அசிட்டோனோ தின்னரோ பட்டால் பரப்பு கரைந்து, பிறகு அங்கிருந்து வெடிக்கும். கழுவிய பிறகுதான் 400 நம்பர் வாட்டர் பேப்பர். தேய்த்துவிட்டுக் கழுவினால் மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும். அதன்பின் பிளாஸ்டிக் பிடிப்பான் (பெயிண்டைப் பிளாஸ்டிக்கில் ஒட்ட வைக்கும் பூச்சு), வளையும் பிரைமர், 600 நம்பர் தேய்ப்பு, நிறம், கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) என்ற வரிசை. யூரித்தேனாக இருந்தால் கிளியர் வளைந்து கொடுப்பதற்கான ஃப்ளெக்ஸ் கலவையை அதில் சேர்க்கச் சொல்லுங்கள், அளவு அந்தந்தப் பெயிண்ட் டின்னில் சொன்னபடி. ஃபைபர் கிளாஸில் ஊசித்துளைகளைப் புட்டியால் அடைத்துவிட்டே பிரைமருக்குப் போக வேண்டும்.

ஏபிஎஸ்ஸின் பின்பக்கத்துக்கும் ஒரு கை பிரைமரும் நிறமும் அடித்து வாங்குங்கள். வெறும் ஏபிஎஸ் வெயிலைத் தாங்காது, கண்ணுக்குத் தெரியாத ஓரத்திலிருந்து மறுபடி நொறுங்கத் தொடங்கும். கிளியரில் கலக்கும் கெட்டிப்படுத்தியில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால் வீட்டு ஷெட்டில் சாதாரண முகமூடியோடு அடிக்கக் கூடாது. பெயிண்ட் கடை வேலை அது.

நிறக் குறியீட்டை மட்டும் கொடுத்து அடித்தால் ஃபில்லர் புதிதாகவும் வண்டி பழையதாகவும் தெரியும், ஏனென்றால் மட்கார்டின் நிறம் 35 வருடம் வெயிலில் மாறியிருக்கிறது. வண்டியையே ஓட்டிப் போய், ஃபில்லருக்குப் பக்கத்து இடத்தை நன்றாகப் பாலிஷ் செய்து, அங்கே கருவியால் நிறம் அளக்கச் சொல்லுங்கள். ஒரு பழைய துண்டில் அடித்துக் காட்டச் சொல்லி, வெயிலில் வைத்துப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

மாட்டுதல்

பெயிண்ட் காய இரண்டு நாளாவது விடுங்கள். உடம்பில் படும் விளிம்பில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டினால் உரசல் சத்தம் வராது. நடு நட்டை முதலில் விரலால் ஏற்றி, பிறகு நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எல்லாம் ஏறிய பிறகு, ஸ்பேனரை எடுக்குமுன் எழுந்து நாலடி தள்ளி நின்று கோட்டைப் பாருங்கள். டிக்கி மூடியையும் ஒரு முறை திறந்து மூடுங்கள். விளக்குக் கூட்டை மாட்டியதும் பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாம் எரிகிறதா என்று சோதியுங்கள். கழற்றும்போது எர்த் ஒயர் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு, வண்டி வெயிலில் நின்று சூடாக இருக்கும் நேரத்தில் இடைவெளியை மறுபடி அளங்கள். எங்காவது 3 மி.மீ.க்குக் கீழே குறைந்திருந்தால் அந்தப் பக்க நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஃபில்லரைத் தள்ளி, அதே அளவு மட்டும் திரும்ப இறுக்குங்கள்.