டோனி குரோஸ் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தக் கால்பந்து வீரரின் பெயரைச் சொன்னாலும் "எத்தனை கோல்?" என்பதுதான் முதல் கேள்வி. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்காக 465 ஆட்டங்களில் ஜெர்மனியின் நடுகள வீரர் குரோஸ் போட்டது 28 கோல். நடுகள வீரரை இந்தக் கணக்கில் எடைபோட்டால் ஒன்றும் பிடிபடாது. ஆட்டம் எப்போது வேகமெடுக்க வேண்டும், எப்போது மூச்சுவிட வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்.

அடுத்தது பாஸ் சதவீதம். 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) தொடக்க ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் கொடுத்த 102 பாஸில் 101 சரியாகப் போய்ச் சேர்ந்தது. ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். பிடிக்காதவர்களோ, பக்கவாட்டிலேயே தட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் வரும் என்கிறார்கள். குரோஸ் முன்பு ஆடிய ஜெர்மன் கிளப்பான பேயர்ன் மியூனிக்கின் முன்னாள் தலைவர் ஊலி ஹோனஸ்கூட 2021-ல், இந்தப் பாணிக்குக் காலம் முடிந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். என்னைக் கேட்டால் இரண்டு தரப்புமே எண்ணோடு நின்றுவிடுகிறது.

மாட்ரிட்டின் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டு, பந்தை விட்டுவிட்டுக் குரோஸை மட்டும் பாருங்கள். பந்து பின்வரிசையில் இருக்கும்போது அவர் மெல்ல இடது பக்கம் இறங்கி, இடது பின்கள வீரர் நிற்கும் இடத்துக்கே வந்துவிடுவார். அவர் அங்கே இருக்கும் தைரியத்தில் அந்தப் பின்கள வீரர் மார்செலோ முன்னே ஓடிவிடுவார். இடது ஓரத்தில் நின்று வலது காலால் பந்தை வாங்குவதால் மைதானம் மொத்தமும் குரோஸின் கண்முன் விரியும். எதிரணியில் ஒருவர் அவரைத் துரத்தி வந்தால் பின்னால் இடைவெளி விழும். வராவிட்டால் நீண்ட பாஸ் ஒன்று குறுக்கே பறந்து வலது ஓரத்தில் பின்கள வீரர் கார்வஹாலின் காலடியில் இறங்கும். பக்கத்தில் தட்டிவிடும் அந்த நாலைந்து பாஸும் யாராவது இடத்தை விட்டு வெளியே வருகிறார்களா என்று பார்க்கத்தான். 2024 ஏப்ரலில், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில், மியூனிக்கில் பேயர்னுக்கு எதிராக நடந்த அரையிறுதியில் அப்படி வந்தவர் பேயர்னின் பின்கள வீரர் கிம் மின்-ஜே. மாட்ரிட்டின் தாக்குதல் வீரர் வினீசியஸ் எங்கே ஓட வேண்டும் என்று கையைக் காட்டிவிட்டு, கிம் விட்டுவந்த இடத்துக்குள் பந்தைச் செலுத்தினார் குரோஸ். கோல்.

தொடக்கத்திலிருந்தே அவர் இப்படிப் பின்னால் நின்று ஆடியதாக நினைப்பதும் தவறு. பேயர்னிலிருந்து இன்னொரு ஜெர்மன் கிளப்பான லேவர்கூசனுக்குக் கடனாகப் போய் ஆடிய 2009-10 பருவத்தில் அவர் தாக்குதல் வீரர், லீக்கில் 9 கோல். பேயர்னுக்குத் திரும்பிய பிறகுதான் மெல்ல மெல்ல ஆழத்துக்குப் போனார்.

பந்தைப் பறிக்கத் தெரியாதவர் என்பார்கள். 2014 உலகக் கோப்பையில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று சாய்த்த அரையிறுதியில் அவருடைய இரண்டாவது கோலைத் திரும்பப் பாருங்கள். பிரேசிலின் ஃபெர்னான்டினோவிடமிருந்து பந்தைப் பறித்து, சக வீரர் கெதிராவிடம் கொடுத்து, திரும்ப வாங்கி அடித்தது.

சரி, தவறே செய்யாத இயந்திரம் என்று தூக்கி வைக்கிறார்களே, அதுவும் பொய்தான். 2018 உலகக் கோப்பையில் சுவீடனின் கோலுக்கு வழிவிட்டதே அவருடைய தப்பான பாஸ். அதே ஆட்டத்தின் 95-வது நிமிடத்தில், பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்த ஜெர்மனிக்கு ஃப்ரீகிக் கிடைத்தது. சக வீரர் ராய்ஸுக்குச் சின்னதாகத் தட்டி, அவர் நிறுத்தித் தர, தூரத்து மூலைக்கு வளைத்துக் கோல் அடித்தார் குரோஸ்.

விவரங்களிலும் சில குழப்பங்கள் உண்டு. அவருடைய ஆறு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களில் மாட்ரிட்டோடு வென்றவை ஐந்துதான். மற்றொன்று 2013-ல் பேயர்னோடு வென்றது. காயத்தால் அந்த இறுதியில் அவர் ஆடவில்லை. பிறந்தது 1990 ஜனவரியில், கிரைஃப்ஸ்வால்டில். பெர்லின் சுவர் விழுந்துவிட்டாலும் அது அப்போது கிழக்கு ஜெர்மனிதான். 2014-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் அங்கே பிறந்தவர் அவர் ஒருவரே.

கடைசியாக ஓய்வு. தேசிய அணியிலிருந்து 2021-ல் விலகியதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். 2024 மார்ச்சில் பிரான்சுக்கு எதிராகத் திரும்பி வந்தார். ஆட்டம் தொடங்கிப் பத்து வினாடிக்குள் அவருடைய பாஸில் சக வீரர் விர்ட்ஸ் கோல் அடித்தார். அந்த ஜூனில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கார்வஹால் தலையால் முட்டிய கோல், குரோஸின் கார்னரில் வந்தது. அப்புறம் ஜூலை 5, ஸ்டுட்கார்ட்டில் நடந்த யூரோ காலிறுதியில் ஸ்பெயினிடம் தோல்வி. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். புகழுரைகளில் அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி மட்டும் விடுபட்டுவிடும்: குரோஸ் மோதியதில் ஸ்பெயினின் பெத்ரி எட்டாவது நிமிடமே வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு அதற்காக குரோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.