பழைய லேலண்ட் காமெட்: காணாமல் போன கேபின் சாமான்களை மீட்பது

பழைய காமெட் லாரியை வாங்கியவர்கள் முதலில் தேடி அலைவது கேபின் சாமான்களைத்தான். கதவுக் கைப்பிடி இருக்காது, மீட்டர் இருக்காது, சீட் இருந்த இடத்தில் ஒரு பலகை கிடக்கும். உடனே சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு ஓடுகிறார்கள். அங்கே எத்தனை நாள் சுற்றினாலும் பாதிச் சாமான் கிடைக்காது. காரணம், அவை பார்ட் நம்பர் போட்டு வந்தவையே அல்ல.

1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் எண்ணூர் தொழிற்சாலையிலிருந்து வந்த காமெட்டுகளில் பெரும்பாலானவை கௌல் சேஸிஸ்கள், அதாவது கேபின் இல்லாமல் முன் தடுப்போடு (கௌல்) மட்டும் வரும் அடிச்சட்டங்கள். இன்ஜின், ஸ்டியரிங், பெடல்கள், டேஷ்போர்டு, மீட்டர்கள் வரைதான் கம்பெனி வேலை. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஏதோ ஒரு ஊர்ப் பாடி பட்டறையில் தச்சரும் தகர வேலை செய்யும் டிங்கரும் சேர்ந்து கட்டியது. ஒரே வருஷத்து இரண்டு வண்டிகளின் கதவை மாற்றி மாட்டிப் பாருங்கள், பொருந்தாது. ஆகவே கௌலோடு வந்ததைத் தேடிப் பிடிக்க வேண்டும், பட்டறையில் வந்ததைப் புதிதாகச் செய்ய வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பணமும் நடையும் மிச்சம்.

எதையும் சுரண்டுவதற்கு முன்னால் ஓட்டைகளைப் படியுங்கள். தகரத்தில் திருகு ஏறிய இடம், ரிவெட் தலை பதிந்த வட்டம், பழைய பெயிண்டின் நிழல் எல்லாமே அங்கே என்ன இருந்தது என்று சொல்லும். டேஷ்போர்டு மேல் டிராயிங் பேப்பரை ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் அத்தனை ஓட்டையும் முழு அளவில் பதிந்துவிடும். சுமார் 52 மில்லிமீட்டர் வட்டம் என்றால் அது சின்ன மீட்டர். பக்கத்தில் இரண்டு திருகு ஓட்டையும் கொஞ்சம் கற்பூரக் கரியும் இருந்தால் சாமி படத் தட்டு. அதுவும் கேபினின் ஒரு பாகம்தான், விட்டுவிடாதீர்கள். டிங்கர் கையில் கிரைண்டர் ஏறிவிட்டால் இந்தச் சாட்சி எல்லாம் போயிற்று.

பிரிக்கும்போது மில்லிமீட்டர் ஸ்பானரை நம்ப வேண்டாம். இந்த வண்டியில் இருப்பது இஞ்ச் நட்டுகள். 3/4 இஞ்ச் தலைக்கு 19 சரியாக உட்காரும், ஆனால் 1/2 இஞ்ச் தலைக்கு 13 போட்டால் முனை மழுங்கிவிடும். மரையும் கலந்திருக்கும். 3/8 இஞ்ச் போல்ட்டில் பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) என்றால் இஞ்சுக்கு 20 மரை, யு.என்.எஃப். (யூனிஃபைட் மரை அளவு) என்றால் 24. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஒரு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகியதை முறுக்கினால் கௌலில் உள்ள மரையே போய்விடும். மரையின் நெருக்கத்தை அளக்கும் மரை கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள்.

இன்ஜின் பக்கத் தடுப்பிலும் சைலன்சர் குழாயிலும் சாம்பல் நிற நார் அட்டை ஒட்டியிருந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதன் தூள் மூச்சில் போகக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, நல்ல முகமூடி போட்டுக்கொண்டு எடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது.

மரச் சட்டத்தில் முதலில் இற்றுப்போவது கதவுத் தூணின் அடி. ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். கால் இஞ்ச் இறங்கினால் அந்தத் துண்டை மாற்ற வேண்டியதுதான். கட்டையின் கனத்தைப் போல ஆறு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக அறுத்து ஒட்டுப் போட்டால் பிடிமானம் இருக்கும், நேர் வெட்டு நிற்காது. இரண்டு பக்கத் தூண்களையும் ஒரே நேரத்தில் எடுத்தால் கேபின் முறுக்கிக்கொள்ளும். அதற்கு முன் உள்ளே குறுக்குச் சட்டம் அடித்து, மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவுக்கும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது.

மீட்டர்களுக்கு வருவோம். இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். டெம்பரேச்சர் மீட்டரில் மெல்லிய குழாயும் முனையில் ஒரு குமிழும் இருக்கும், உள்ளே இருப்பது ஆவியாகும் திரவம். குழாய் நசுங்கினாலோ அறுந்தாலோ மீட்டர் செத்தது. கடையிலேயே ஒரு டம்ளர் கொதிக்கும் வெந்நீர் கேளுங்கள். குமிழை முக்கினால் முள் ஏற வேண்டும், எடுத்தால் இறங்க வேண்டும். ஆயில் பிரஷர் மீட்டருக்கு வரும் செப்புக் குழாய் அதிர்ந்து அதிர்ந்து விறைத்து வெடிக்கும். புதுக் குழாயை இன்ஜின் பக்கத்தில் இரண்டு சுற்று சுருள் விட்டு மாட்டினால் அதிர்வைச் சுருள் வாங்கிக்கொள்ளும். ஆம்பியர் மீட்டரின் பின்பக்க நட்டு தளர்ந்திருந்தால் சூடேறி வயரே கருகும், அதனால் ஸ்பிரிங் வாஷர் கட்டாயம். மாட்டிய பிறகு இன்ஜினை ஓட விடாமல் ஹெட்லைட்டைப் போடுங்கள். முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். பிளஸ் பக்கம் போனால் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன், சேஸிஸில் இணைந்திருப்பது பேட்டரியின் எந்த முனை என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கத்தில் பிளஸ் முனையே எர்த் ஆன வண்டிகள் உண்டு. பார்க்காமல் எல்.இ.டி. விளக்கோ செல்போன் சார்ஜரோ மாட்டினால் அது கெட்டுப்போகலாம். டைனமோ, ஸ்டார்ட்டர் தகட்டில் வோல்ட்டேஜ் எவ்வளவு என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

வேறு வண்டியின் ஸ்பீடோமீட்டரை மாட்டினால் கணக்கு தப்பும். டிராக்டரால் லாரியைச் சரியாக 20 மீட்டர் இழுத்து, கேபிளின் உள்கம்பி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதை 50ஆல் பெருக்கினால் கிலோமீட்டருக்கான சுற்று. முகப்பில் சின்னதாக அச்சடித்திருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். மைல் முகப்பு என்றால் 1.609ஆல் மறுபடியும் பெருக்குங்கள். கேபிளில் கிரீஸ் கீழ் முக்கால் பாகத்துக்கு மட்டும். மேல்வரை பூசினால் அது மீட்டருக்குள் ஏறி முள்ளை ஒட்ட வைக்கும்.

ஸ்டியரிங் வளையத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றத் தேவையில்லை. வெடிப்பை ‘வி’ வடிவில் விரித்து, தின்னரால் துடைத்து, எம்சீல் போன்ற எபாக்சி பட்டியை அழுத்தி, ஒரு நாள் விட்டு, 120, 240, 400 என்று தாள் மாற்றித் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். வளையத்தைக் கழற்றும்போது புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். சுத்தியலால் தண்டைத் தட்டினால் கீழே ஸ்டியரிங் பாக்ஸ் பேரிங்கில் பள்ளம் விழும்.

கதவுக் கைப்பிடி ஒன்றாவது மிஞ்சியிருந்தால் அதையே அச்சாக வைத்து வார்க்கலாம். கோயம்புத்தூரில் சின்னச் சின்ன ஃபவுண்டரிகள் நிறைய. அலுமினியம் ஆறும்போது சுமார் 1.3 சதவீதம் சுருங்கும். 150 மில்லிமீட்டர் கைப்பிடி 2 மில்லிமீட்டர் குட்டையாகும், அதனால் அச்சை அந்த அளவு நீட்டிக் கொடுக்க வேண்டும். சதுரத் துளையை வார்ப்பில் விடாதீர்கள். வட்டத் துளை போட்டு அரத்தால் ராவிச் சதுரமாக்கினால்தான் தண்டு ஆடாமல் உட்காரும்.

கதவுக் கண்ணாடிக்கு 5 மில்லிமீட்டர் டஃப்பண்டு (சூளையில் வாட்டி உறுதியாக்கிய கண்ணாடி). வாட்டிய பிறகு அதை அறுக்க முடியாது, ஒரு ஓரம் தேய்த்தாலும் பொடியாகிவிடலாம். ஆகவே முதலில் ஹார்ட்போர்டில் வெட்டி, கண்ணாடி ஓடும் ஃபெல்ட் பள்ளத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அந்த அட்டையையே கடைக்குக் கொடுங்கள். முன் கண்ணாடிக்கு லேமினேட்டட்தான் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி).

சீட்டைக் கடைசியில் செய்யுங்கள். ஒரு இஞ்ச் ஆங்கிளில் சட்டம், மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட், அதில் நான்கு இஞ்சுக்கு ஒன்றாக 20 மில்லிமீட்டர் காற்றோட்ட ஓட்டை. அதன் மேல் இரண்டு இஞ்ச் ரப்பர் தேங்காய் நார், அதற்கும் மேல் 40 டென்சிட்டி ஃபோம் இரண்டு இஞ்ச். வெறும் ஃபோம் போட்டால் ஆறே மாதத்தில் பலகை இடுப்பில் தட்டும், சூடும் தாங்காது. ஃபோமைப் பலகையைவிட அரை இஞ்ச் பெரிதாக வெட்டினால்தான் ரெக்சின் விறைப்பாக நிற்கும். ரெக்சினை அரை மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு இழுத்து அடியுங்கள், குளிர்ந்ததும் சுருக்கம் தானாகப் போய்விடும். சட்டத்தை வெல்டு வைப்பதற்கு முன் செங்கல் அடுக்கி உட்கார்ந்து பாருங்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே விரித்த கை நுழைய வேண்டும்.