பழங்கட்டடத்தைத் தொடுவதற்கு முன்: நீலகிரியின் புதிய தன்னார்வலர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஊரிலுள்ள பழைய கட்டடத்தையோ கல்லறையையோ காப்பாற்ற வேண்டும் என்று நாலைந்து பேர் கூடிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே துடைப்பமும் அரிவாளுமாகக் கிளம்பிவிடுவது வழக்கம். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். குன்னூர்ப் பக்கத்தில் பாசி மூடிக் கிடந்த ஒரு பழைய கல்லறையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அரை மணி நேரத்தில் பளிச்சென்று ஆக்கினோம். பிறகு பார்த்தால், ஆழமின்றி வெட்டப்பட்டிருந்த ஆண்டின் கடைசி இலக்கம் பாசியோடு சேர்ந்து போயிருந்தது. அது 3ஆ 8ஆ என்ற வாதம் எங்களுக்குள் இன்னும் ஓயவில்லை. தேய்ப்பதற்கு முன் ஒரு படம்கூட எடுத்து வைக்காததுதான் வெட்கக்கேடு. ஆகவே இந்த விளக்கத்தின் பெரும்பகுதி பதிவு செய்வதைப் பற்றியது. சுத்தம் செய்வது பிறகுதான் வரும்.

முதற்படி: சிறிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

உதகையில் 1829ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட செயின்ட் ஸ்டீபன் ஆலயத்துக்கும், கோத்தகிரி கண்ணேரிமுக்கில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய, இப்போது அவருடைய நினைவகமாக இருக்கும் பங்களாவுக்கும் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். கேட்பாரற்றுக் கிடப்பவை சிறியவை: சாலையோர மைல்கல், குதிரைகள் நீர் குடித்த கல்தொட்டி, மூடிக் கிடக்கும் தபால் நிலையம், ஊர்ப்பெயர் பொறித்த பழைய பலகைக்கல். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழமை என்றாலே வெள்ளைக்காரர் கட்டியது என்ற எண்ணம் நம் மலையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அவர்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே நடப்பட்ட நடுகற்களும் கல்வட்டங்களும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கின்றன. ஆனால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளிலுள்ள கோயில்களைப் பொறுத்தவரை தன்னார்வலருக்கு வேலையே இல்லை. பிரம்பும் மூங்கிலும் சதுப்புநிலப் புல்லும் கொண்டு அம்மக்களே அவற்றைப் புதுப்பித்து வருகிறார்கள், அந்த எல்லைக்குள் யார் வரலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். உதவ விரும்பினால், அந்தப் புல் விளையும் சதுப்பு நிலம் பிளாட்டாக மாறாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம்படி: உரிமையாளர் யார் என்று அறிதல்

இது அலுப்பூட்டும் வேலை, ஆயினும் தவிர்க்க முடியாது. இடத்தின் சர்வே எண்ணைக் கண்டறிந்து, அது நகராட்சிக்கு உரியதா, பொதுப்பணித் துறைக்கோ வனத்துறைக்கோ உரியதா, திருச்சபையினுடையதா, தனியார் பட்டாவா என்று வருவாய்த் துறைப் பதிவேட்டில் பாருங்கள். அலுவலகங்கள் கைகாட்டிக்கொண்டே இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அளிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். எழுத்துப்பூர்வமான அனுமதி கைக்கு வரும்வரை எதையும் தொடக் கூடாது.

மூன்றாம்படி: வயதைக் கணித்தல்

நிறுவனத்தின் வயதும் கட்டடத்தின் வயதும் ஒன்றல்ல என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீலகிரி நூலகம் தொடங்கப்பட்டது 1859இல். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த இன்றைய கட்டடம் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது. மலை ரயிலின் கதையும் அதுவே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் பாதை திறக்கப்பட்டதால், ஒரே பாதையிலுள்ள நிலையங்கள் எல்லாம் ஒரே வயதுடையவை அல்ல. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ அளித்தது உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அங்கீகாரமே தவிர, கட்டப்பட்ட ஆண்டு அன்று. பெரியவர்கள் சொல்லும் கதைகளைத் தனி நிறத்தில் எழுதுங்கள்; ஆனால் தள்ளிவிடாதீர்கள். மாதா கோயிலின் உத்தரங்கள் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை என்று யாராவது முதன்முறையாகச் சொன்னால் கட்டுக்கதை போலத்தான் தோன்றும்; ஆனால் செயின்ட் ஸ்டீபன் ஆலயத்தின் மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்த அந்த அரண்மனையிலிருந்து மலையேறியவையே.

நான்காம்படி: படமெடுத்தல்

வடக்குப் பக்கத்தில் தொடங்கி வலமாகச் சுற்றி வாருங்கள். எல்லோரும் இதே ஒழுங்கைப் பின்பற்றினால் பிற்காலத்தில் படங்களை ஒப்பிடுவது எளிது. ஒவ்வொரு படத்திலும் ஓர் அடி ஸ்கேல் தெரிய வேண்டும், இல்லையேல் விரிசல் நூலளவா விரலளவா என்று பிறகு சொல்ல முடியாது.

எழுத்துப் பொறித்த கல்லுக்கு நண்பகல் வெயில் உதவாது. எழுத்தின் மேல் சாக்பீஸ் பூசுவதும் மாவு தடவுவதும் பழைய பழக்கங்கள், இரண்டும் கல்லின் நுண்துளைகளில் தங்கிக் கெடுதல் செய்பவை. அந்தி சாய்ந்த பிறகு செல்லுங்கள். ஒருவர் செல்போன் டார்ச்சைக் கல்லின் இடது விளிம்பில், கல்லோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் கல்லுக்கு நேர் எதிரே நின்று படமெடுக்க வேண்டும். வெளிச்சம் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது, பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த பரப்பில் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழுந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். பிறகு வலது, மேல், கீழ் எனத் திசை மாற்றி மேலும் மூன்று படங்கள் எடுங்கள். இடமிருந்து ஒளி விழும்போது மறைந்திருந்த கோடு மேலிருந்து விழும்போது தெரியக்கூடும். இதை மட்டும் அன்று அறிந்திருந்தால் எங்கள் 3ஆ 8ஆ வாதமே எழுந்திருக்காது.

அந்திப் பொழுதில் தனியாகச் செல்ல வேண்டாம். கல்லறைத் தோட்டத்தின் புல் நமக்கு எவ்வளவு பிடிக்குமோ அதைவிட அதிகமாகக் காட்டெருமைக்குப் பிடிக்கும். அது நின்றிருந்தால் வேலையை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

ஐந்தாம்படி: மழையில் பார்த்தல்

நம் மலையில் கட்டடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். ஆனால் கட்டடம் பார்க்க வருபவர்களோ வெயில் நாளாகப் பார்த்து வருகிறார்கள். ஆடி மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாலே போதும்: தகரக் கூரையில் எந்த ஆணித்துளை ஒழுகுகிறது, இறவாரத்துத் தண்ணீர் எந்தச் சுவரில் அடிக்கிறது, இலை அடைத்த குழாய் எங்கே வழிகிறது என்பதெல்லாம் கண்முன் தெரியும். தண்ணீர் ஓடிய இடங்களைக் கைவரைபடத்தில் அம்புக்குறியாக வரையுங்கள். குழாயிலிருந்து இலையை அள்ளிப் போடுவது, அனுமதி கிடைத்ததும் செய்யக்கூடிய முதல் வேலை, செலவில்லாதது, தீங்கற்றது.

ஆறாம்படி: சுத்தமும் பழுதும்

வெறும் தண்ணீர், மென்மையான நார்த் தூரிகை, பொறுமை ஆகிய மூன்று மட்டும் போதும். கம்பித் தூரிகை, ஆசிட், பிளீச்சிங் பவுடர், வேகமாகப் பீய்ச்சும் பம்பு ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சுவரில் முளைத்த செடியைப் பிடுங்கினால் வேரோடு காரையும் செங்கல்லும் வரும். அடியில் வெட்டிவிட்டு, மீண்டும் துளிர்க்கும்போது மீண்டும் வெட்டுங்கள்.

சிமெண்ட் விஷயத்தில் நல்லெண்ணம் கொண்டவர்களே அதிகம் கெடுக்கிறார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், உள்ளே புகுந்த ஈரத்தைத் தன் இணைப்புகள் வழியே வெளியே விட்டு உலர்ந்துகொள்ளும். அந்த இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் ஈரம் செங்கல் வழியே வெளியேற முயன்று, அதிலுள்ள உப்பு உறைந்து, செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். தட்டிப் பார்த்தால் சிமெண்ட் பட்டை மட்டும் கெட்டியாக நிற்க, பின்னால் செங்கல் பொடியாகியிருக்கும். ஆகவே பழுது பார்க்கும் வேலை சுண்ணாம்பு கையாளத் தெரிந்த கொத்தனாருக்கு உரியது. அவரிடமும், பெருமழையிலும் உறைபனி மாதங்களிலும் வேலை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரச் சுண்ணாம்பு மெல்லத்தான் இறுகும், இறுகுவதற்குள் உறைந்தால் நொறுங்கிவிடும்.

கடைசியாக: பிரதி

குறிப்பேட்டையும் படங்களையும் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை உரிமையாளரிடமும் ஒன்றை ஊர் நூலகத்திலும் கொடுத்து, மூன்றாவதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். படமெடுக்க நின்ற இடங்களை வரைபடத்தில் புள்ளியிட்டு எண்ணிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும், அதே புள்ளிகளில் நின்று, அதே ஸ்கேலை வைத்து, அதே வரிசையில் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.