சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளுக்கு விலை வைப்பது எப்படி

காலியான 9 மில்லிமீட்டர் தோட்டாக் கூடு ஒன்று ஏறக்குறைய 4 கிராம் இருக்கும். ஒரு பவுண்டுக்கு 115 முதல் 120 கூடுகள் நிற்கும். காயலான் கடைக்காரர் பித்தளைக்குப் பவுண்டு 2 டாலர் தருகிறார் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் கூடுகளுக்கு 17 டாலர் தேறும். அதே ஆயிரத்தைக் கழுவி, பொறுக்கி, தரம் பிரித்துக் கொடுத்தால், வீட்டிலேயே தோட்டா நிரப்பும் ஒருவர் 40 டாலர் தருவார். இடையில் இருக்கும் 23 டாலர் உங்கள் கண்ணுக்கும் கைக்கும் கிடைக்கும் கூலி. காயலான் கடை விலை தினமும் மாறும், ரீலோடிங் செய்பவர்கள் தரும் விலை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

நான் டெக்சாஸில் ஓர் எந்திரப் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறவன். வாரக்கடைசியில் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்துக்குப் போய்ச் சுடுவதும், மற்றவர்கள் விட்டுச்செல்லும் கூடுகளைச் சேர்த்து விற்பதும் பொழுதுபோக்கு. இங்கே புதிதாகத் துப்பாக்கி சுடப் பழகும் நம் ஊர்க்காரர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது விசாவைப் பற்றித்தான்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ‘அம்யூனிஷன்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் முழுத் தோட்டாவோடு கூடு, ப்ரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி), குண்டு, வெடிமருந்து ஆகிய நான்கும் தனித்தனியாகவே இடம்பெறுகின்றன. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அம்யூனிஷன் வைத்திருப்பதற்கு அதே சட்டத்தில் தடை இருக்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. “காலிக் கூடுதானே அண்ணா, அதில் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று ஒரு தம்பி கேட்டார். பத்து டாலர் பித்தளைக்காகக் கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பணயம் வைக்காதீர்கள் என்றேன். கிரீன் கார்டு கையில் இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மற்றவர்கள் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தரையில் குனியுங்கள். வாஷிங்டன் டி.சி.யின் உள்ளூர்ச் சட்டமும் காலிக் கூட்டை அம்யூனிஷனாகவே பார்க்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்து, தரையில் கிடப்பது யாருடையது? பல ரேஞ்சுகளில் நீங்கள் சுட்ட கூட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், வாளியில் போட்டுவிட்டால் அது ரேஞ்சின் சொத்து. சில இடங்களில் தரையில் விழுந்த எல்லாமே அவர்களுடையது. பலகையில் எழுதியிருப்பதைப் படியுங்கள், இல்லையென்றால் கேளுங்கள். சுடும் கோட்டுக்கு முன்னால் விழுந்ததை யாருக்காகவும் எட்டி எடுக்கக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை காந்தம். ஒரு பெரிய தட்டில் கொட்டி, மேலே காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். பித்தளை அசையாது. பித்தளை முலாம் பூசிய இரும்புக் கூடுகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. அலுமினியக் கூடு காந்தத்தில் ஒட்டாது. ஆனால் நிறம் மங்கிய வெள்ளையாகவும் கையில் மிக லேசாகவும் இருக்கும். அதைப் பொறுக்கி எறியுங்கள். நிக்கல் பூசிய பித்தளையும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் அதில் பளபளப்பு உண்டு, அதை வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். தனியாக வையுங்கள்.

இப்போது உயிருள்ள தோட்டாவைத் தேட வேண்டும். சுடாமல் தவறிய தோட்டாக்கள் காலிக் கூடுகளோடு கலந்து கிடப்பது சாதாரணம். ஒரு முழு 9 மில்லிமீட்டர் தோட்டா ஏறக்குறைய 12 கிராம் இருக்கும், காலிக் கூட்டைப் போல மூன்று மடங்கு. கை சொல்லிவிடும். ஆனால் சின்னஞ்சிறிய .22 தோட்டா (புள்ளி வைத்த எண்கள் குழலின் அளவை அங்குலத்தில் சொல்பவை) பெரிய கூட்டுக்குள் வழுக்கிப் போய் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு கூட்டையும் வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, விளக்குக்குக் கீழே உள்ளே பாருங்கள். நேரம் பிடிக்கும்தான், வேறு வழி இல்லை. ஓர் உயிருள்ள தோட்டா தபாலில் போனால் அது சட்டமீறல். காயலான் கடையின் உலைக்குப் போனால் அங்கே வேலை செய்பவரின் கண் போகும். பல காயலான் கடைகள் தோட்டாக் கூடு என்றாலே கையை விரிப்பதற்கு இதுதான் காரணம்.

உள்ளே பார்க்கும்போதே இன்னொன்றும் தெரியும். 9 மில்லிமீட்டர் கூடு .40 கூட்டுக்குள் அடைந்துகொள்ளும், .40 கூடு .45க்குள் அடைந்துகொள்ளும். கழுவும்போது இரண்டும் இறுகிவிட்டால் குறடு வைத்துத்தான் பிடுங்க வேண்டும். வாங்கியவருடைய தோட்டா நிரப்பும் எந்திரத்தில் அப்படி ஒன்று போய்ச் சிக்கினால் அவர் உங்களிடம் மறுபடி வரமாட்டார்.

தரம் பிரிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். அளவு வாரியாகப் பிரிப்பதற்குத் துளையிட்ட பிளாஸ்டிக் சல்லடைத் தட்டுகள் விற்கிறார்கள். அவை .45, .40, 9 மில்லிமீட்டர் மூன்றையும் நன்றாகவே பிரிக்கும். ஆனால் .380 கூட்டை அவை 9 மில்லிமீட்டரோடு சேர்த்துவிடும். ஒன்றின் நீளம் 17 மில்லிமீட்டர், மற்றொன்று 19. மேசையில் வரிசையாக நிற்கவைத்தால் குட்டையானது தனியாகத் தெரிந்துவிடும். .22 போன்ற விளிம்பில் பற்றவைக்கும் கூடுகளை மறுபடி நிரப்ப முடியாது. அவை நேராகக் காயலான் கடை எடைக்கு.

.45 கூடுகளில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பழைய வழக்கப்படி அதன் ப்ரைமர் குழி பெரியது, 5.3 மில்லிமீட்டர். சில நிறுவனங்கள் 4.4 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய குழியோடும் செய்கின்றன. இரண்டும் கலந்த பெட்டியை வாங்கியவர், கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் எந்திரம் நடுவில் நின்று, வாய்க்கு வந்ததைச் சொல்லுவார். இந்த இரண்டையும் பிரித்து, பெட்டியில் அதை எழுதியும் கொடுத்தால், உங்கள் பித்தளைக்குச் சந்தை விலைக்கு மேல் ஐந்து டாலர் கேட்கலாம். தயங்காமல் கேளுங்கள், தருவார்கள்.

ரைஃபிள் கூடுகளில் விலை இன்னும் ஏறும், கவனமும் ஏற வேண்டும். .223 கூடுகளில் பல மிசௌரி மாநிலத்தில் இன்டிபென்டன்ஸ் நகரிலுள்ள லேக் சிட்டி ஆலையில் செய்யப்பட்டவை. அடிப்பக்கத்தில் ‘எல்சி’ எழுத்தும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் அது நேட்டோ அடையாளம். ராணுவத் தரத்துக்குச் செய்த கூடுகளில் ப்ரைமர் நழுவாமல் இருக்கச் சுற்றிலும் விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கத்தை நீக்கினால்தான் புதிய ப்ரைமர் உள்ளே போகும். அது வாங்குபவருக்குக் கூடுதல் வேலை. ஆகவே இறுக்கம் உள்ளவற்றைத் தனியாகக் கட்டி, விலையைக் கொஞ்சம் குறைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றுவிடுங்கள். நீங்களே அதை நீக்கித் தருவது, அதற்கான கருவி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் மட்டுமே கட்டுப்படியாகும்.

ஐரோப்பாவிலிருந்து வரும் சில தோட்டாக்களின் கூட்டுக்குள் நடுவில் ஒரு துளைக்குப் பதிலாக இரண்டு சிறு துளைகள் இருக்கும். அது பெர்டான் வகை. வழக்கமான கருவியால் ப்ரைமரைக் கழற்ற முடியாது, ஊசி உடையும். பெர்டான் ஓர் அமெரிக்கர். அமெரிக்கா முழுக்கப் பயன்படும் ஒற்றைத் துளை வகையைக் கொண்டுவந்த பாக்ஸர் ஓர் ஆங்கிலேயர். ஆளுக்கு ஆள் ஊர் மாறிவிட்டார்கள். எப்படியானாலும் பெர்டான் கூடு எடைக்குத்தான்.

கழிக்க வேண்டியவை: கழுத்தில் விரிசல் விட்டவை, மிதிபட்டு நசுங்கியவை, அடியிலிருந்து சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிபவை. அந்த வளையம் உலோகம் இழுபட்டு மெலிந்ததற்கு அடையாளம். அடுத்த முறை சுடும்போது கூடு அங்கேயே இரண்டாகும். சந்தேகமாக இருந்தால், ஒரு காகித கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து, கூட்டின் உள்சுவரில் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் நுனி தட்டும்.

கழுவுவதற்கு இரண்டு வழி. உலர் முறையில், மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு அதிரும் பாத்திரத்தில் சில மணி நேரம் ஓட்டுவது. ஈர முறையில், தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), எஃகு ஊசிகள் ஆகியவற்றோடு உருட்டுவது. எலுமிச்சை உப்பை அள்ளிப் போட்டால் துத்தநாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். உலர் முறையில் எழும் தூசியில் ஈயம் இருக்கிறது, ப்ரைமரிலிருந்து வருவது. கையுறையும் முகமூடியும் கட்டாயம். வேலையைச் சமையலறையில் வைத்துக்கொள்ளக் கூடாது, குழந்தைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. சமையலறைத் தராசையும் வடிதட்டையும் கடன் வாங்காதீர்கள். ஈயம் பட்டது திரும்ப அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது.

அம்மோனியா கலந்த பாலிஷ் எதுவும் வேண்டாம். தோட்டாக் கூட்டில் இருப்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும். இந்தக் கலவைக்கு அம்மோனியா ஜென்மப் பகை. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் ஈரப்பதமும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல் வெளியான ஆய்வில்தான் விளங்கியது. ஒரு துணியில் பாலிஷ் தொட்டுத் துடைத்தால் கூடு மினுமினுக்கும், உள்ளுக்குள் பலவீனமாகும். வாங்குபவர் அதைத் தன் முகத்துக்கு அருகில் வைத்துச் சுடப்போகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

விலைக்கு வருவோம். கீழ்வரம்பு, அன்றைய காயலான் கடை விலை. மேல்வரம்பு, அதே அளவில் புதிய கூட்டின் கடை விலை. உங்கள் விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கும் என்பதை எந்தத் துப்பாக்கிக்கான கூடு என்பதும், எவ்வளவு பிரித்திருக்கிறீர்கள் என்பதும் முடிவு செய்யும். 9 மில்லிமீட்டர் எங்கும் கொட்டிக் கிடப்பதால் கீழ்வரம்பை ஒட்டியே நிற்கும். ஆயிரத்துக்கு 40 டாலருக்கு மேல் நான் கேட்பதில்லை. அதைக் கழுவாமல் அப்படியே வாளியோடு விற்பது பல நேரம் புத்திசாலித்தனம். .308, 10 மில்லிமீட்டர் போன்றவை ஆயிரக்கணக்கில் கிடைக்காது. அவற்றை நூறு நூறாக, அடிப்பக்கத்தில் ஒரே நிறுவன முத்திரை உள்ளவையாகப் பிரித்து விற்றால் நல்ல காசு. பின்லாந்தின் லாபுவா முத்திரை தெரிந்தால் அதை மற்றவற்றோடு கலக்கவே கலக்காதீர்கள். துல்லியப் போட்டிகளில் சுடுபவர்கள் அதை எண்ணித்தான் வாங்குவார்கள், பேரம் பேசமாட்டார்கள். ‘ஒருமுறை சுட்டது’ என்று எழுத உங்களுக்கு உரிமை, அந்தத் தோட்டா புதிய பெட்டியிலிருந்து சுடப்பட்டதை நீங்களே பார்த்திருந்தால் மட்டுமே. தரையில் பொறுக்கியதற்கு ‘ரேஞ்சில் எடுத்தது’ என்றே எழுதுங்கள்.

எண்ணிக்கையை எடையில் எடுக்கலாம். நூறு கூடுகளை எண்ணி எடை போட்டு, அந்த எடையைப் பத்தால் பெருக்கினால் ஆயிரம். கலப்பு முத்திரையில் எடை கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் ஆயிரத்துக்கு இருபது கூடுகள் கொசுறு போடுங்கள். நம் ஊர்க் காய்கறிக்காரர் கருவேப்பிலை போடுவது போல, அடுத்த முறையும் உங்களிடமே வரவைக்கும்.

உள்ளூரில் விற்பதே நல்லது. ரேஞ்சின் அறிவிப்புப் பலகை, துப்பாக்கிக் கண்காட்சி, தெரிந்தவருக்குத் தெரிந்தவர். பொதுவான சந்தைத் தளங்கள் பல, ஆயுதம் தொடர்பான எதையும் ஏற்பதில்லை. தபாலில் அனுப்புவதானால் எடை பார்க்காத ஒரே கட்டணப் பெட்டி கைகொடுக்கும். 70 பவுண்டு வரை ஒரே விலை, பித்தளைக்கென்றே செய்தது போல. ஆனால் அட்டைப் பெட்டி அவ்வளவு எடையைத் தாங்காது. கனமான பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றாகக் கட்டி, உள்ளே அசையாமல் காகிதம் திணித்து, பெட்டியின் எல்லா மூலைகளிலும் நாடா ஒட்டுங்கள். ஒரு மூலை பிரிந்தாலும் தபால் நிலையத் தரையெல்லாம் உருளும். புதிய ப்ரைமர் பொருத்திய கூட்டைத் தபாலில் அனுப்பக் கூடாது. அது வெடிபொருள் கணக்கு. முழுத் தோட்டாவாக நிரப்பி விற்பதும் வேறு கதை, அதற்கு உரிமம் வேண்டும்.

நாட்டுக்கு வெளியே அனுப்பவே வேண்டாம், ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது பயணப் பையாக எடுத்துவராதீர்கள். அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் சுட்டு முடித்த கூட்டைக் கைப்பையில்கூட வைத்துக்கொள்ளலாம். சென்னை விமான நிலையத்தில் பையின் ஓரத்தில் ஒன்று அகப்பட்டால் விளக்கம் சொல்லியே விடுமுறை கழியும். ரேஞ்சுக்கென்று ஒரு தனிப் பை, வேறு நிறத்தில், வண்டியின் டிக்கியிலேயே கிடக்கட்டும்.