புயலுக்குப் பிறகு கூரைக்குச் செலவழிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பலமாக ஒரு காற்று அடித்து ஓய்ந்தால், மறுநாள் விடிவதற்குள் கூரை வேலை செய்பவர்களின் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். மொட்டை மாடி ஷீட் போய்விட்டது, ஓட்டு வீட்டின் முகப்பு சரிந்துவிட்டது, மாட்டுக் கொட்டகை பறந்துவிட்டது என்று ஆளுக்கொரு சேதம். கடைசியில் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: "அண்ணே, காசு கூடப் போனாலும் பரவாயில்ல, இந்தத் தடவை நல்ல கட்டி ஷீட்டா போட்டுத் தாங்க."

2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில், எந்தக் கூரை நின்றது, எது போனது, எந்த இடத்தில் பிடி விட்டது என்று வீடு வீடாகப் பார்க்க முடிந்தது. அதைப் பார்த்துத்தான் இங்கே தொழில் மாறியது. இப்போது புதிதாக வெல்டிங் மெஷின் வாங்கி வேலை எடுக்கும் தம்பிகள், ஓகிக்கு முன்னால் நடந்ததையே மறுபடியும் செய்கிறார்கள். வீட்டுக்காரர்களும் அதற்கே பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். துருப்பிடித்த பைப்பை வாங்காதே, முன்பணம் முழுக்கக் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பணத்தை முழுக்க ஷீட்டில் போட்டுவிட்டு, கூரையைத் தாங்கும் காலை மறப்பது

எனக்கு இன்றுவரை ஆத்திரம் வரும் தவறு இதுதான். மற்றவற்றால் கூரை ஒழுகும், ஓரம் கிழியும். இது கூரையையே தூக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் போடும்.

படந்தாலுமூடு பக்கம் ஒரு வீடு. மொட்டை மாடியில் சுமார் 600 சதுர அடி ஷீட். முந்தைய கூரை காற்றில் கிழிந்ததால், வீட்டுக்காரர் கடன் வாங்கி, கடையில் இருந்ததிலேயே கட்டியான ஷீட்டைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தார். ஸ்க்ரூவும் நெருக்கமாக அடித்திருந்தார்கள். கோடை மழைக்கு முன்னால் வருமே ஒரு சுழல் காற்று, அதில் முழுக் கூரையும் ஒரே துண்டாக எழும்பிப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் கவிழ்ந்தது. போய்ப் பார்த்தபோது அவர் ஷீட்டைத் தட்டிக் காட்டினார். "ஒரு ஷீட்டுகூட கிழியல, பாத்தியளா?" உண்மைதான். ஒரு ஸ்க்ரூகூடக் கழன்றிருக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த ட்ரஸ்ஸின், அதாவது ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், கால்களைப் பார்த்தேன். காலின் அடியில் இருக்கும் ஒவ்வொரு பேஸ் பிளேட்டிலும், அதைச் சுவரோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் இரண்டு. போல்ட்டைச் சுற்றிச் செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் கட்டியாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. கைப்பிடிச் சுவரைக் கடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது கூரை.

இது ஏன் நடக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். காற்று கூரையைக் கீழே அழுத்துவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். சரிவு குறைந்த கூரைக்கு மேலே காற்று வேகமாக ஓடும்போது மேல்பக்கம் உறிஞ்சும். பக்கம் திறந்திருந்தால் கீழிருந்து தள்ளவும் செய்யும். இரண்டும் ஒரே திசை, மேல்நோக்கி. நம் நாட்டில் கட்டடத்துக்கான காற்று அழுத்தத்தைச் சொல்லும் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின் பட்டியலில் எங்களுக்கு அருகிலிருக்கும் ஊர் திருவனந்தபுரம். அதற்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். அந்த 39 மீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 93 கிலோ எடை அளவுக்கு வரும். சதுர அடிக்குச் சொன்னால் எட்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

600 சதுர அடிக்கு அது ஐந்து டன். ஷீட்டும் பைப்பும் சேர்ந்து கூரையின் எடை ஒரு டன் தேறும். மீதி நான்கு டன்னை யார் பிடித்து வைப்பது? கால்கள்தான். எட்டுக் கால் என்றால் காலுக்கு அரை டன். நாலரை அங்குலச் செங்கல்லில் மூன்றடி உயரம் கட்டிய கைப்பிடிச் சுவர், ஓரடி நீளத்துக்கு அறுபது எழுபது கிலோதான் இருக்கும். ஒரு கால் இழுத்தால் கூடவே இரண்டு மூன்றடி சுவர் வரும். இருநூறு கிலோ எங்கே, அரை டன் எங்கே? இவ்வளவுக்கும் இது சராசரிக் கணக்கு. மூலைக் கால்களுக்கு இழுப்பு இன்னும் கூடுதல்.

ஷீட் மெல்லியதாக இருந்தபோது முதலில் ஷீட் கிழிந்தது, காற்று வெளியே போனது, கால் தப்பித்தது. ஷீட்டையும் ஸ்க்ரூவையும் பலப்படுத்தியதும் இழுப்பு முழுக்கக் காலுக்கு வந்துவிட்டது. ஓரிடத்தை மட்டும் பலப்படுத்தினால் உடைப்பு அடுத்த பலவீனமான இடத்துக்கு நகர்ந்துவிடும். கிழிந்த ஷீட்டோடு போயிருக்க வேண்டிய செலவு, கூரை, கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டு வாழைக்கு நஷ்டஈடு என்று வளர்ந்தது. கீழே ஆள் யாரும் இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம்.

கால் எங்கே நிற்க வேண்டும்? காங்கிரீட்டில். வீட்டின் பில்லர் மாடிவரை வந்து கம்பி விட்டிருந்தால் அதில்தான். இல்லையென்றால், கீழே பீம் ஓடும் இடத்தைப் பார்த்து அதன்மேல் ஸ்லாபில். பத்து மில்லி பிளேட், நாலு போல்ட், துளையை ஊதித் தூசி எடுத்துவிட்டு கெமிக்கல் ஆங்கர், அதாவது போல்ட்டைத் துளையில் ஒட்டிப் பிடிக்கும் பசை. தூசி எடுக்காமல் கெமிக்கல் ஊற்றினால் அது தூசியைத்தான் பிடிக்கும், காங்கிரீட்டைப் பிடிக்காது. மழை ஒழுகும் என்று பயந்து ஸ்லாபில் துளை போட வேண்டாம் என்பார்கள். பிளேட்டுக்கு அடியில் இடைவெளியை அடைக்கும் கிரௌட் கலவை போட்டு, சுற்றிலும் வாட்டர் புரூஃபிங் செய்தால் ஒழுகாது. அந்தப் பயத்துக்காகக் கைப்பிடிச் சுவரில் காலை வைப்பதை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், கேரளப் பக்கம் பொழியூர் போன்ற கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. ஜிஐ பைப்பை வெல்டு வைக்கும்போது அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். உப்புக்காற்று முதலில் தின்பது அந்த வெல்டைத்தான். காலும் பிளேட்டும் சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கினால் சில வருடங்களில் மேலே பெயிண்ட் பளபளக்க, உள்ளே பொறுக்காகிவிடும். வெல்டு ஆறியதும் கசடைத் தட்டிச் சுத்தம் செய்து ஜிங்க் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஓடுகளை இறக்கிவிட்டு அதே கழுக்கோலில் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தில்) ஷீட் போடுவது

முந்தைய தவறுக்குத் தம்பி முறை. பழைய ஓட்டு வீடுகளில் உத்திரம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஓட்டின் பாரம். ஒரு மங்களூர் ஓடு இரண்டு கிலோவுக்கு மேல். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் பதினைந்து ஓடு. முப்பது கிலோவுக்கு மேல் இருந்த பாரத்தை இறக்கிவிட்டு ஐந்து கிலோ ஷீட்டைப் போடுகிறோம். காற்றில் ஓடு இரண்டு நழுவியது என்று பயந்து ஷீட்டுக்கு மாறியவரின் கூரை, முன்பைவிட எளிதாகத் தூக்கக்கூடியதாக ஆகிவிடுகிறது.

மாற்றுவது தப்பில்லை. மாற்றும்போது கழுக்கோலை உத்திரத்தோடும், உத்திரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும். பட்டை சுவரில் மூன்றடியாவது கீழே இறங்கி, குறுக்கே போல்ட் வாங்க வேண்டும். சுவர் மண்கட்டியோ வெட்டுக்கல்லோ என்றால் மேலே காங்கிரீட் பெல்ட் போடாமல் தொடவே கூடாது. இதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் "அது அப்புறம் பாத்துக்கலாம்" என்பவர்களிடம், சரி, ஷீட்டையும் அப்புறம் போடலாம் என்று சொல்லிவிடுவேன்.

ஸ்க்ரூவை எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் அடிப்பது

காற்று கூரை முழுக்க ஒரே மாதிரி இழுக்காது. மூலை, இறவாரம், மோடு (கூரை உச்சி), இந்த மூன்று இடங்களிலும் நடுப்பகுதியைவிட இழுப்பு ரொம்ப அதிகம். பறந்த கூரைகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு மூலை முதலில் உரிந்து, அப்புறம் மற்றது பின்னாலேயே போயிருக்கும். நடுவில் ஒரு அலை விட்டு ஒரு அலை அடித்தாலும் ஓரத்தில் எல்லா அலைக்கும் ஸ்க்ரூ வேண்டும். ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்பான பர்லினும் ஓரத்தில் நெருக்கமாக வர வேண்டும். ஒரு பர்லின் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகிவிடும்? மொத்தச் செலவில் அது தெரியக்கூடத் தெரியாது.

டிரில்லை அழுத்திப் பிடித்து ரப்பர் வாஷர் பிதுங்கும்வரை முடுக்குவது புதுப் பையன்களின் பழக்கம். வாஷர் ஷீட்டில் படிந்ததும் நிறுத்த வேண்டும். பிதுங்கிய ரப்பர் இரண்டு வெயிலில் வெடித்து, அங்கேதான் ஒழுகும்.

பழைய துளையிலேயே ஸ்க்ரூவைத் திரும்ப அடிப்பது

பிடிக்காது. தள்ளி அடியுங்கள்.

இறவாரத்தை மூன்றடி நீட்டுவது

சாரல் அடிக்காது என்பது சரிதான். கீழிருந்து காற்று பிடித்துத் தூக்கும் கைப்பிடியும் அதுதான். ஒன்றரை அடி போதும்.

திறந்த கூரையைப் பின்னால் மூன்று பக்கம் அடைப்பது

கூரை போட்டு இரண்டு வருடம் கழித்து, துணி நனைகிறது, மகனுக்கு ஒரு அறை வேண்டும் என்று மொட்டை மாடியில் மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கத்தைத் திறந்து விடுவார்கள். திறந்த பக்கத்தில் காற்று அடித்தால், குடைக்குள் காற்று புகுந்ததுபோல உள்ளே நிரம்பி மேலே தள்ளும். மேல்பக்க உறிஞ்சலும் சேர்ந்துகொள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வாங்கும் ஊர்களில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அடைக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலும் போல்ட்டும் அதற்கேற்பப் போட வேண்டும். அடைத்தால் நாலு பக்கமும் அடையுங்கள்.

சதுர அடி ரேட்டை மட்டும் பேசி ஒப்புக்கொள்வது

"சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்டால் வெல்டர் குறைக்கக்கூடிய இடம் கண்ணுக்குத் தெரியாத இடம்தான். எட்டுக் கால் ஆறாகும், நாலு போல்ட் இரண்டாகும், பைப்பின் கனம் ஒரு படி இறங்கும். கொட்டேஷனில் கால் எத்தனை, எதன்மேல் நிற்கிறது, பிளேட் என்ன கனம், போல்ட் எத்தனை, பர்லின் இடைவெளி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஷீட் 0.5 மில்லி என்றால் பூச்சோடு சேர்த்தா, பூச்சில்லாமலா என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஷீட் மேலே ஏறுவதற்கு முன், கால் நட்டு முடித்த கட்டத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கைக் கொடுக்கும் முன் நீங்களே மேலே ஏறி எல்லாக் கால்களையும் பாருங்கள். ஷீட் ஏறிவிட்டால் யாரும் காலைப் பார்ப்பதில்லை.

பணம் பத்தவில்லையா? கூரையின் அளவைக் குறையுங்கள். 600 சதுர அடிக்குப் பதில் 400 போடுங்கள். காலில் கை வைக்காதீர்கள்.

சேதத்தை ஒதுக்கிவிட்டு அப்புறம் போட்டோ எடுப்பது

புயல் முடிந்ததும் முற்றத்தைச் சுத்தம் செய்யத்தான் கை பரபரக்கும். முதலில் போட்டோ, வீடியோ. கிழிந்த ஷீட், பிடுங்கிய கால், உடைந்த சுவர், எல்லாம் கிடந்த இடத்திலேயே. அரசு நிவாரணத்துக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் விஏஓ, கேரளப் பக்கம் வில்லேஜ் ஆபீசர் வந்து பார்க்கும்போது காட்ட வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை நம்பிக் கூரைக்குத் திட்டம் போடாதீர்கள். பேரிடர் நிவாரண நிதியின் 2022–26 விதிப்படி, 15 சதவீதமாவது சேதமான நிரந்தர வீட்டுக்கு 6,500 ரூபாய் என்று இருந்தது. அது ஷீட் இறக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாகப் போகும்.

வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் அதுதான் பெரிய கை. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல் சேதம் அடக்கம். இடிபாடு அகற்றும் செலவுக்கு இழப்பீட்டில் 2 சதவீதம் வரையும், இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் தருவார்கள். அந்த 5 சதவீதத்தைப் பலர் கேட்பதே இல்லை. காலும் ஆங்கரும் எப்படி வேண்டும் என்று ஒரு இன்ஜினியர் வரைந்து தர அந்தப் பணம் உதவும். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை பழைய ஷீட்டைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கம்பெனி தருவது முன்பு இருந்ததை மீண்டும் போட ஆகும் செலவு. கூடுதல் கால், கட்டியான ஷீட், இரும்புப் பட்டை எல்லாம் உங்கள் கைக்காசு. அதனால் வெல்டரிடம் இரண்டு பகுதியாக பில் கேளுங்கள்: பழையபடி போட எவ்வளவு, பலப்படுத்த எவ்வளவு. ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தால் சர்வேயர் எதைக் கழிப்பது என்று தெரியாமல் நியாயமான பங்கையும் வெட்டுவார். வேலை முடிந்ததும் புதுக் கூரையின் மதிப்பைச் சேர்த்து பாலிசித் தொகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். மொட்டை மாடி ஷீட் அதில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.